எறும்பு பிடித்துக் கொடுத்த திருடன்

பார்சல் ஆபீஸ் முதலாளி பலராமனுக்குப் பேரன் பிறந்துவிட்டான். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கூடை ஜாங்கிரியோடு வந்து இறங்கினார்.

டைப்பிஸ்ட் பெர்னதெத்தின் கண் ஜாங்கிரி மேல் போகவில்லை. குமாஸ்தா அலெக்சாண்டர் மேல் போனது. பிரெஞ்சு மரியாதையில் ஆபீசில் எல்லாருக்கும் அவர் 'முசியே'.

"முசியே, கூடைப் பக்கம் திரும்பாதீங்க."

"திரும்பலம்மா. வாசன தானா வருது. மூக்கக் கழட்டி டிராயர்ல வெக்கவா?"

ஒரு மாதத்துக்கு முன்புதான் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து பெர்னதெத் அவருக்குக் காவல். அவளுடைய அப்பா போனதும் அந்த வியாதியில்தான். முசியே டீக்குச் சர்க்கரை கிடையாது; பிஸ்கட் தட்டு அவர் பக்கம் நகராது. தினமும் கேரியரில் கொண்டுவரும் பாகற்காயைப் பாதி தின்று பாதி வைத்துவிட்டு, அடுத்தவர் வாயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு ஊருக்கு வெளியே ஓடும் சுண்ணாம்பாறு வரைக்கும் கேட்கும்.

பலராமன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பாகு பட்டுவிடக் கூடாதே! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மச்சினர் பாரீசிலிருந்து கொண்டுவந்த தங்கக் கடிகாரம். போன மாதம் அது கையில் ஏறிய நாள் முதல், கேட்காதவர்களுக்கும் மணி சொல்லிக்கொண்டிருந்தார். நாலு ஜாங்கிரியை உள்ளே தள்ளிவிட்டுக் கொல்லைக் குழாயில் கை கழுவி வந்தார்.

மேஜை மேல் கடிகாரம் இல்லை.

வாசல் கதவைச் சாத்தினார். கூட்டிப் பெருக்கும் வீராயி முன்னால் போய் நின்றார்.

"மேசயத் தொடச்சது நீதான?"

"ஐயோ சாமி, ஈ மொய்க்குதேன்னு தொடச்சேன்! எம் மடியப் பாருங்க!" உதறிக் காட்டினாள். வெற்றிலைதான் விழுந்தது.

"அதெல்லாம் ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

வீராயி ஓவென்று அழுதாள். வேலை போகும், போலீஸ் என்றால் தெருவில் தலைகாட்டவும் முடியாது. பார்க்கத் தாங்காமல் தலையைக் குனிந்த பெர்னதெத், தரையில் அதைப் பார்த்தாள்.

எறும்பு வரிசை. சுவரோரமாக ஊர்ந்து, அலெக்சாண்டர் மேஜைக்கு அடியில் நுழைந்து, அவர் டிபன் கேரியர் மேல் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது.

"முசியே... உங்க கேரியர்ல இன்னா இருக்குது?"

அலெக்சாண்டருக்கு வேர்த்துக் கொட்டியது. கேரியரை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டார்.

"பாவக்காம்மா! வெறும் பாவக்கா! சார், தொறக்காதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

பலராமன் ஒரே பிடுங்காகப் பிடுங்கி, மேல் அடுக்கைத் திறந்தார். வீராயி அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

உள்ளே இரண்டு ஜாங்கிரிகள், புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் போல ஒட்டிக்கொண்டு கிடந்தன.

முதலில் சிரித்தது வீராயிதான். "அட தேவுடா! இதுக்கா மனுசன் இந்த நடுக்கம் நடுங்குறாரு!"

பலராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "யோவ், கேட்டிருந்தா கூடையவே குடுத்திருப்பேனேய்யா!"

"ஒரு மாசமா அடக்கி வெச்சேன் சார். இன்னிக்கு முடியல." அலெக்சாண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெர்னதெத்து, எங்க வீட்ல மட்டும் சொல்லிடாதம்மா."

அவளுக்கும் மனசு இளகிவிட்டது. "சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள்தான், ஆமா!"

சிரித்துச் சிரித்துப் பலராமனின் கோபம் எங்கோ போயிருந்தது. "பேரனப் பாத்த குஷியில எனக்கே தல கால் புரியல. கடியாரத்த இங்க கழட்டினதா நெனப்பு, ஆஸ்பத்திரியிலயே கழட்டி வெச்சிட்டனோ என்னவோ" என்று சொல்லி, மிச்சம் இருந்த ஜாங்கிரியைக் கூடையோடு வீராயி கையில் கொடுத்தார்.

சாயங்காலம், உப்பளம் பகுதியில் இருந்த அலெக்சாண்டர் வீட்டில் கேரியரைப் பிரித்த அவர் மனைவி ஆரோக்கியம் திகைத்துப் போனாள்.

"இன்னாங்க இது? ஒரு மாசமா பாவக்கா கேட்டு உயிர எடுத்தீங்க. இப்ப ஜாங்கிரியா? இனிப்புன்னாலே உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து கொமட்டுமே!"

"நாய்க்குப் போடு" என்றார் அலெக்சாண்டர், அடி அடுக்கில் மிச்சம் இருந்த பாகற்காயை ஒதுக்கி, பாரீஸ் கடிகாரத்தை எடுத்துத் துடைத்து, மணி பார்த்தபடி.