மூன்றாம் எழுத்து

அவள் நிரலின் அந்த வரியை ஏழாவது முறையாகப் படித்தாள்.

மொழிக் குறியீட்டில் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்க. அவ்வளவுதான் அது சொன்னது.

தமிழுக்கு ta. அதற்கு இடையூறு இல்லை.

சௌராஷ்டிரத்துக்கு saz. மூன்றாம் எழுத்து வெட்டுண்டது. எஞ்சியது sa.

sa என்றால் சமஸ்கிருதம்.

மதுரையின் அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைச் செவிலியர் மறுநாள் அவரவர் தாய்மொழியில் அழைத்து நலம் விசாரிப்பது வழக்கம். எந்த அழைப்பு எந்தச் செவிலியருக்கு என்று பிரித்துக் கொடுப்பது இந்த மென்பொருள். சௌராஷ்டிரம் பேசும் செவிலியர் இருவர் இருந்தனர்.

சமஸ்கிருதம் பேசுபவர் ஒருவரும் இல்லை.

ஆகவே நேற்றுப் பதினெட்டுப் பேருக்கு அழைப்பே போகவில்லை. அவர்களில் ஒருவருக்குத் தையல் பிரிந்திருந்தது.

காலையில் குழுத் தலைவர் இம்மானுவேலிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சிரித்தார்.

“சமஸ்கிருதம்னு காட்டுனா கௌரவந்தானம்மா! நாலு மணிக்குப் புது வெர்ஷன் ரிலீஸ். இப்பப் போயி அந்த வரில கை வைக்காதீங்க.”

“சரிங்க சார்.”

எட்டு ஆண்டுகளாக அவள் அவருக்குச் சொல்லிவந்த ஒரே விடை.

அவள் வீட்டு மொழியும் சௌராஷ்டிரமே. அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. முதல் வகுப்பில், யார் விடை சொல்கிறீர்கள் என்று ஆசிரியை கேட்டபோது, ‘நான்’ என்பதற்கு வீட்டுச் சொல் முந்திக்கொண்டது.

மீ.

அந்த ஆண்டு முழுவதும் அவள் பெயர் ஆட்டுக்குட்டி.

அதன்பின் அவளுடைய தமிழில் எவரும் ஒரு பிழை கண்டதில்லை.

மணி மூன்று நாற்பது.

அந்த வரியில் அவள் கை வைக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள்.

அடுத்த கோப்பில் ஒரு சோதனை எழுதிச் சேர்த்தாள். saz உள்ளே போனால் saz வெளியே வருதல் வேண்டும்.

ஒரு சோதனை தோற்றாலும் மென்பொருள் வெளியே போகாது. இம்மானுவேல் வகுத்த விதி.

சோதனை தோற்றது. சுவரிலிருந்த பெரிய திரை சிவந்தது.

விசைப்பலகைகள் ஓய்ந்தன. இம்மானுவேல் எழுந்து நின்றார்.

“யாருப்பா இதப் போட்டது?”

பதினோரு தலைகள் குனிந்தன.

அவள் நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தாள். மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

“மீ.”

எங்கோ ஒருவர் சிரித்தார்.

அவள் உட்காரவில்லை.