ஒரு சைபர்

செப்டம்பர் வெயில் பால்கனிக் கம்பிகளின் வழியே சாய்ந்து விழுகிறது. ப்ளோவ்டிவ் நகரின் அந்த ஐந்தாவது மாடி முழுக்கச் சுட்ட மிளகாயின் வாசம். ராலிட்சா குளிர்காலத்துக்காகச் சுட்டெடுத்த சிவப்புக் குடைமிளகாய்களின் கருகிய தோலை உரித்து உரித்துச் சீசாவில் அடுக்குகிறாள். விரலெல்லாம் கரியும் சாறும். அதனால் மடிக்கணினி கணவன் லூபெனின் தொடைமேல் இருக்கிறது. ஊறுகாய் பற்றி அவள் எழுதிவரும் வலைப்பூவைப் பார்த்துவிட்டு, தலைநகர் சோஃபியாவின் பெரிய சமையல் வலைப்பூ ஒன்று பேட்டிக்குக் கேள்விகள் அனுப்பியிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல அவன் இரண்டே விரல்களால் தட்டுகிறான்.

“அடுத்தது. உங்களுக்கு எத்தனை வாசகர்கள்?”

“பதினாலு.”

அவன் 14 என்று தட்டிவிட்டுத் தாடையைச் சொறிகிறான். “அது நாடே படிக்கிற வலைப்பூ. பதினாலுன்னா சிரிப்பாங்க. பக்கத்துல ஒரு சைபர் போட்டுடுறேன். யாரு வந்து எண்ணப்போறா?” போட்டும்விடுகிறான்.

அவள் உரித்த மிளகாய் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். அதன் முனையிலிருந்து சாறு மணிக்கட்டுவரை வழிகிறது. முகத்தில் கோபம் இல்லை.

“அந்தப் பதினாலு பேரும் இதைப் படிப்பாங்க, லூபென்.”

கீழே தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போகிறார்கள். லூபென் அந்தச் சைபரை மட்டும் அழிக்கிறான்.