வாஷருக்குக் கட்டம் இல்லை

அணுக்களை ஒன்றோடொன்று இணைத்து மின்சாரம் எடுக்கும் ஓர் ஆலையில், குழாய் மூட்டுக்குள் ஒரு வாஷர் உட்கார்ந்திருந்தது. டிரிட்டியம் என்கிற கதிர்வீச்சு வாயு வெளியே கசியாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பிடித்துப் பிடித்தே அதன் ஓரம் விரிசல் விட்டிருந்தது.

ஒருநாள் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் வந்தது. அணுவைப் பிளக்கும் பழைய ஆலை ஒன்றுக்காக அச்சடித்த படிவம் அது. வந்ததும் நேராக உலையிடம் போனது.

"ஐயா, நீங்க உருகி ஓடுவீங்களா?"

"நானா? ஏதாவது கோளாறுன்னா அந்த நொடியே அணைஞ்சிடுவேன்," என்றது உலை, பெருமையாக.

"கட்டுக்கடங்காம எரிவீங்களா?"

"சேச்சே!"

படிவம் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று போட்டுக்கொண்டது.

வாஷருக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏய்! அவர் அணைஞ்சிடுவார், சரி. குழாய்ல இருக்கிற வாயு எங்கே போகும்? நான் இங்கே கிழிஞ்சு கிடக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்கு என்கிட்ட கட்டமே இல்லையே," என்றது படிவம்.

"கட்டம் இல்லேன்னா கசிவும் இல்லையா? எங்கேயோ கேட்க வேண்டிய கேள்வியை இங்கே வந்து கேட்கறியே, வெட்கமா இல்லை?"

"சும்மா கத்தாதே. என் கடைசி வரியைப் படி."

'ஆபத்து எதுவும் இல்லை' என்றிருந்தது. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று, படிவம் வாஷர் இருந்த அந்தக் குழாய் மூட்டுக்கு நேர் எதிரிலேயே போய்த் தொங்கிக்கொண்டது.

காற்றே புகாத அந்த அறையில், அந்தத் தாள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.