இருபத்தெட்டு நிமிடம்

திரையில் இரண்டு கோடுகள். ஒன்று நேராகப் போனது. இன்னொன்று, கோபித்துக்கொண்ட சொந்தக்காரர் தெருவைச் சுற்றிப் போவதுபோல் போனது.

நேர் வழி பதினோராயிரத்து எண்ணூற்று எழுபது கிலோமீட்டர். பதின்மூன்று மணி பத்து நிமிடம். சுற்று வழி பன்னிரண்டாயிரத்து இருநூற்றைம்பது. பதின்மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம்.

எந்த விமானம் எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்றவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது இவன் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு விமானத்தைப் பார்த்தும் இவனுக்கு வயிறு எரிந்ததில்லை.

இன்று எரிந்தது.

முப்பத்தொன்றாவது வரிசையில் இவன் மனைவியின் மகள் போகிறாள். பதினொரு வயது. முதல்முறையாகத் தனியாக, விடுமுறைக்கு, அப்பாவிடம் போகிறாள்.

அதாவது, அசல் அப்பாவிடம்.

நாலு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது இவன். காய்ச்சலில் நெற்றித் துணியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவன். பின்னக் கணக்கில் அவளோடு சேர்ந்து முட்டை வாங்கியதும் இவனேதான். இருந்தும் இவன் 'அங்கிள்'. லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவரும் அவளுக்கு அங்கிள்தான்.

அந்த ஆளோ வருடத்துக்கு ஒருமுறை பலூனோடு வந்து நிற்பான். பலூனுக்கே இவ்வளவு மவுசு என்று தெரிந்திருந்தால் இவனும் ஊதியிருப்பான்.

நிற்கட்டும். அங்கே விமான நிலைய வாசலில் இன்னும் இருபத்தெட்டு நிமிடம் நிற்கட்டும். கால் கடுக்கட்டும். பலூன் சுருங்கட்டும்.

நினைத்ததுமே வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வெட்கமும் வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக.

சுற்று வழியைத் தேர்ந்தெடுத்து, எரிபொருளில் மூன்று டன் கூட்டி, அனுப்பிவிட்டான்.

இரண்டே நிமிடத்தில் கேப்டனிடமிருந்து போன். "என்னங்க இது, ஊரைச் சுத்திக் காட்டக் கிளம்பிட்டீங்க? நேர் வழியில லேசான குலுக்கல்தானே. பெல்ட்டைப் போட்டு உக்காந்தா முடிஞ்சுது."

"லேசானதுதான் கேப்டன். ஆனா நாலு மணி நேரம் விடாம இருக்கு. தயவுபண்ணி சுத்தியே போங்க."

கேப்டன் அலுத்துக்கொண்டே சரி என்றார்.

போனை வைத்துவிட்டு, நேர் வழியில் குலுக்கல் காட்டிய இடத்தை இன்னொருமுறை திறந்து பார்த்தான்.

போன வருடம் மூன்று பேருமாகப் போனபோது விமானம் பத்து நிமிடம் குலுங்கியது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இவன் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று கத்தினாள். குலுக்கல் நின்றதும் இவன் மறுபடியும் அங்கிள் ஆகிவிட்டான்.

யாரைக் கூப்பிட்டாள் என்று இவன் அவளிடம் கேட்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை வெளியே எடுத்து யாரிடமும் காட்டியதுமில்லை.

இன்று அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரோ.