பெண் பார்க்க வந்த கறி

ஹபீபுன்னிசா அடுப்பில் விறகைத் திணித்துத் திணித்து ஊதிக்கொண்டிருந்தாள். தீ சட்டியின் கழுத்து வரை ஏறி எரிந்தது. கண் சிவந்து, முகமெல்லாம் வேர்த்து வழிய அவள் பட்ட பாட்டைப் பார்த்தால், கல்யாணத்துக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவளுடைய அம்மா சௌதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. "ஏட்டி, தீய எறக்கு. கறி வேகணும்னா நிதானமா எரியணும்னு நீதான எனக்கே சொல்லுவ?"

"அவிய வர நேரமாச்சும்மா. நீ போயி வெத்தலைய மடி, போ" என்று அம்மாவை விரட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நூர்னிசாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்குக் காலையிலேயே ஆள் வசம் கறியைக் கொடுத்தனுப்பிவிடுவாள். அதுவும் வண்டி இழுத்து ஓய்ந்த கிழ மாட்டின் கால் சதையாகப் பார்த்து. மலிவான கறி, நாரும் சவ்வுமாக இருக்கும். அதைப் பெண் தன் கையால் சமைத்துப் போடவேண்டும். மகாராஜபுரத்தில் கைமணத்துக்குப் பேர் போன ஒரு பெண் அதைப் பஞ்சு பஞ்சாக வேக வைத்துப் போட்டிருக்கிறாள். பிள்ளைகள் சட்டியைக் காலி செய்ததும், இந்தப் பெண் வேண்டாம் என்று நூர்னிசா எழுந்து வந்துவிட்டாளாம், மகராசி.

இந்தச் சேதி ஹபீபுன்னிசாவுக்கு வெல்லமாக இனித்தது. பஞ்சாக வெந்ததற்கே இந்தக் கதி என்றால், வேகாததற்கு? அவள் மனசு தளவாய்புரத்தில், தாய்மாமன் மகன் பீர் முகமதுவிடம் கிடந்தது. பெற்ற அத்தா பக்கீர் முகமதுவோ, கடைவீதியில் பெரிய கடை உள்ள வீடு என்று இந்தச் சம்பந்தத்தையே பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் வாயைத் திறந்து சொல்ல முடியாது. கறிதான் சொல்லவேண்டும்.

உள்ளதைச் சொன்னால், கால் சதையைப் பக்குவம் பண்ண அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாருக்குக் குறுக்கே நறுக்கி, பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி, மூடி போட்டுச் சிறுதீயில் உச்சிப்பொழுது வரை விட்டாளானால் சவ்வுகூடக் கரைந்து ஆணக் குழம்பில் கூழாக நிற்கும். முதல் நாள் ஆணம். மறுநாள் அதே கறியை உதிர்த்து மிளகு போட்டு வறுவல். மிச்சம் மீதியை இடித்துக் கோளா உருண்டை. எலும்பைக்கூட விடமாட்டாள், பருப்போடு சேர்த்துத் தால்ச்சா ஆக்கிவிடுவாள்.

இன்றைக்கு அத்தனையையும் தலைகீழாகச் செய்தாள். நாரோடு நீளவாக்கில் நறுக்கினாள். பப்பாளிக்காயைத் தொடவே இல்லை. கொதிக்கிற சட்டியில் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். கோளாவுக்கான கறியை இடித்தும் இடிக்காமலும் உருட்டிப் போட்டாள். மசாலாவைக் கெடுக்க மட்டும் மனசு வரவில்லை. வாசனை வழக்கம்போல் தெருவைத் தூக்கியது.

வந்துவிட்டார்கள். நூர்னிசா உள்ளே பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். கூடத்தில் மாப்பிள்ளை முத்து முகம்மதுவும் அவன் தம்பிமார் மூன்று பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவனும் நிலைவாசலை அடைக்கிற உருவம். அந்தப் பெரிய தட்டு நிறையச் சோறு, மேலே ஆணமும் வறுவலும் கோளாவும். வாசனைக்கே நாலு கைகளும் பாய்ந்தன.

அதோடு பேச்சு நின்றுபோனது. ஹபீபுன்னிசா திரைச்சீலை இடுக்கு வழியே பார்த்தாள். மாப்பிள்ளையின் தாடை வலப்பக்கம் போய், இடப்பக்கம் வந்து, மறுபடி வலப்பக்கம் போனது. கடைசித் தம்பி ஒரு துண்டைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் இழுத்தான். அது நீண்டதே ஒழிய அறவில்லை.

"கறி எப்பிடிங்க தம்பி இருக்கு?" என்றார் பக்கீர் முகமது.

மாப்பிள்ளையால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அத்தாவின் முகம் சுண்டிப்போனதை ஹபீபுன்னிசா கண்டாள். பாவம் அத்தா, நாலு பேர் முன்னால் இப்படித் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் தளவாய்புரம் போகிற வண்டிப்பாதை கண்ணுக்குள் நீளமாகத் தெரிந்தது.

"இன்னுங் கொஞ்சம் கறி வைக்கட்டுமா?" என்று அத்தா அகப்பையை நீட்டினார்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் சஹனைக் கையால் மறைத்தார்கள். "போதும் மாமா, போதும்! வயிறு நெறஞ்சு போச்சு."

உள்ளே நூர்னிசாவுக்கு அது கேட்டுவிட்டது. விருட்டென்று எழுந்து நேரே அடுப்படிக்கு நடந்தாள். சௌதா பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள்.

"மதினி, இன்னைக்கு என்னமோ கைத்தப்பா ஆயிருச்சு. எம்மவ நல்லா ஆக்குவா, மதினி..."

நூர்னிசா காதில் வாங்கவில்லை. சட்டியின் மூடியைத் தூக்கினாள். அகப்பையை அடி வரைக்கும் விட்டுத் துழாவினாள். பிறகு திரும்பி ஹபீபுன்னிசாவை ஏற இறங்கப் பார்த்தாள். 'வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஹபீபுன்னிசா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

நூர்னிசாவின் கண் கலங்கியது. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள்.

"எம்புள்ளைங்க நாலு பேரும் தின்னு சட்டியில கறி மீந்தத இன்னைக்குத்தாம்மா பாக்கேன்!"