நேர்முக வர்ணனை

"பிடிச்சிட்டான் அண்ணாச்சி! உங்க பையன் எகிறிப் பிடிச்சிட்டான்!"

சங்கரலிங்கம் இப்படிக் கத்தியபோது பந்து வலைக்குள் கிடந்தது. நெல்லிக்குப்பத்துக்காரர்கள் காலி டின்களைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயராமன் திரும்பிப் பார்த்தான். அவனும் நெய்வேலியிலிருந்து அவரோடு ஒரே பஸ்ஸில் நெல்லிக்குப்பத்துக்கு மேட்ச் பார்க்க வந்தவன்தான்.

"சார், அது கோல்."

"சும்மா இருடே," என்றார் சங்கரலிங்கம், உதடு பிரியாமல்.

அவருக்கு அந்தப் பக்கம் ராஜாங்கம். கறுப்புக் கண்ணாடி, மடியில் கைத்தடி. நெய்வேலி டீமின் கோல் கீப்பர் அய்யனார் அவருடைய மகன். அவனுக்கு இதுதான் முதல் மேட்ச்.

காலையில் பஸ்ஸில் ராஜாங்கம்தான் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தார். "சர்க்கரை வியாதி என் கண்ணை எடுத்துகினு போயிடுச்சு. இன்னிக்கு என் மவன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்காரங்களை ஒரு கை பாக்கப் போறான்."

இப்போது அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னா சங்கரலிங்கம், டின் சத்தம் பலமா கேக்குது?"

"வயித்தெரிச்சல் அண்ணாச்சி. கோல் போச்சேன்னு ஆத்தாமையில தட்டுதானுவ."

"அப்பிடியா," என்று ராஜாங்கம் சிரித்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கமிருந்து எவனோ கூவினான். "ஏய் நெய்வேலிக் கரிமூட்டை, கையைக் கழுவிட்டு வந்து பந்தைப் பிடி!"

"இது என்னாவாம்?"

"பொறாமை அண்ணாச்சி."

ஜெயராமனால் பொறுக்க முடியவில்லை. பாதி ஆட்டத்தில், வேர்க்கடலை வாங்கப் போன சங்கரலிங்கத்தின் பின்னாலேயே போனான்.

"சார், நாம ரெண்டு கோல் வாங்கியிருக்கோம். நாம ஒரு கோல் போட்டதா நீங்க சொல்றீங்க. கண்ணு தெரியாத மனுஷரை இப்படி ஏமாத்தறது பாவம் இல்லையா?"

"பாவந்தான்."

"அப்புறம் ஏன் சார்?"

சங்கரலிங்கம் கடலைப் பொட்டலத்தை இடுப்பு மடிப்பில் சொருகினார். "ரெண்டு வருஷமா மனுஷன் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டல. யார் கூப்பிட்டும் வரல. பையன் ஆடறான்னு கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்திருக்கேன். முதல் நாளே பையன் தோத்தான்னு கேட்டா, திரும்பப் போயி கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருவாரு."

"நாளைக்குத் தெரியாதா?"

"நாளைக்குத் தெரியட்டும். வெளிய வந்த ருசி இன்னைக்கு ஒரு நாள் நாக்குல ஒட்டட்டும்டே."

ஜெயராமனுக்கு அது சமாதானமாகப் படவில்லை. பொய்யில் என்ன ருசி?

இரண்டாவது பாதி இன்னும் மோசம். அய்யனார் வலப்பக்கம் விழுந்தால் பந்து இடப்பக்கம் போனது. டின் சத்தம் ஓயவில்லை. சங்கரலிங்கம் அதற்கும் மேலே கத்தினார். இல்லாத கார்னரைத் தடுத்தார், இல்லாத பெனால்டியைப் பிடித்தார். கடைசி விசில் ஊதியபோது நெய்வேலி நாலு கோல் வாங்கியிருந்தது. சங்கரலிங்கத்தின் கணக்கில் அது ரெண்டு கோலில் ஜெயித்திருந்தது. அவர் குரல் முழுசாகப் போயிருந்தது.

பஸ்ஸில் எல்லோரும் தொங்கிய முகத்தோடு ஏறினார்கள். சங்கரலிங்கம் முன்னால் நின்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கை கூப்பினார். பிறகு ராஜாங்கத்தைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

முதலில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பையன் பிரமாதம்," என்றார். அப்புறம் இன்னொருவர். முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போது ஒரு விசில்கூடப் பறந்தது. ஜெயராமன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நெய்வேலியில் இறங்கியதும் சங்கரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். ராஜாங்கத்தின் கையை ஜெயராமனிடம் கொடுத்து, சைகையாலேயே ஒரு முறை கெஞ்சிவிட்டுப் போனார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஜெயராமன் நின்றான். டீம் வேன் இன்னும் வரவில்லை. அய்யனார் வருவதற்குள் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாம இன்னைக்கு ஜெயிக்கல."

"தெரியும் தம்பி."

ஜெயராமன் திகைத்துப்போனான்.

"நாம போனது அவங்க ஊரு. நம்ம புள்ள பந்தைப் புடிச்சா நெல்லிக்குப்பத்துக்காரன் எதுக்குத் தம்பி டின்னைத் தட்டிகினு ஆடப்போறான்? மொதத் தட்டுலயே தெரிஞ்சிபோச்சு."

"அப்ப ஏன் ஐயா பேசாம இருந்தீங்க?"

"பையன் தோத்தா என்னா, அடுத்ததுல ஜெயிப்பான். எனக்காக ஒரு மனுஷன் நாளெல்லாம் கத்திகினு இருந்தாரே, அவரைத் தோக்கடிக்கச் சொல்றியா?" கைத்தடியால் படியைத் தேடிக் கால் வைத்தார். "அடுத்த மேட்ச் எங்கன்னு கேட்டு வையி தம்பி. எங்க ஆனாலும் அவரு பக்கத்துலதான் எனக்கு சீட்டு."

பிறகு உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"செங்கமலம், புள்ள வந்தா ஒண்ணும் கேக்காம சோத்தைப் போடு. அதுக்கு முன்னாடி, பால்ல மிளகுத்தூளைப் போட்டுக் காய்ச்சி இந்தத் தம்பிகிட்ட குடு. சங்கரலிங்கம் ஷிப்ட்டுக்குப் போறதுக்குள்ள அவரு வூட்டுல சேத்துடணும். தொண்டை கட்டிகினு கெடக்குறாரு."

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது ஐயா?" என்றான் ஜெயராமன்.

"நாம ஜெயிச்சதுக்குன்னு சொல்லு."