இருளப்பனின் வலது கை

“சட்டையைக் கழட்டு. கையை மேசையில வை. ஆடக் கூடாது, அசையக் கூடாது!”

டொக்டர் இராசரத்தினம் போட்ட அதட்டலில் இருளப்பன் மரக்கட்டைபோல உட்கார்ந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கொட்டாஞ்சேனையில் குடியிருப்பு. மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றுப் பரீட்சை நடக்கும் நாட்களில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மாணவர்கள் அவன் கையைத் தொட்டு, இது இன்ன தசை, இது இன்ன நரம்பு என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு புஜம் அவனுக்கு!

அன்று காலையிலிருந்து பதினொரு பேர் அந்தக் கையை அமுக்கியும் முறுக்கியும் பார்த்துவிட்டார்கள். முழங்கை வீங்கிப் போயிருந்தது.

பன்னிரண்டாவதாக வந்தவள் நாகேஸ்வரி. போன தடவை கோட்டை விட்டவள். இந்த முறையும் தவறினால் படிப்பு போதும், வெள்ளவத்தை அறையைக் காலி செய்துகொண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறு என்று அப்பா எழுதிவிட்டார்.

டொக்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கேள்வியெல்லாம் இங்கிலீஷில், ஏச்சு மட்டும் தமிழில். பக்கத்தில் இன்னொரு பரீட்சகர், தமிழ் தெரியாத வெள்ளைக்காரத் துரை.

“முழங்கையை மடக்கும் தசைகளில் முதன்மையானது எது? தொட்டுக் காட்டும்,” என்று டொக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

நாகேஸ்வரி கையைத் தொட்டதும் இருளப்பனின் முகம் சுருங்கியது.

“உங்களுக்கு நோகுதோ?” என்றாள் தமிழில்.

“அவனோட என்ன கதை? கேட்டதுக்குப் பதில் சொல்லும்!” டொக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

பாவம், படித்ததெல்லாம் ஒரு நொடியில் பறந்துவிட்டது. எல்லாரும் செய்வதுபோல, மேலே புடைத்து நின்ற பைசெப்ஸில் விரலை வைக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து இருளப்பன் உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் திருப்பி, கையை மெல்ல மடக்கினான். பைசெப்ஸ் தளர்ந்தே கிடந்தது. அதற்கு அடியில், முழங்கைக்குச் சற்று மேலே, வேறொன்று அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. நன்றாக இறுகியிருந்தது.

“பிராக்கியாலிஸ், சேர்! பைசெப்ஸுக்குக் கீழே இருக்கிறது. கையை எந்தப் பக்கம் திருப்பி மடக்கினாலும் இதுதான் வேலை செய்யும்.”

துரை தலையாட்டிக்கொண்டே மார்க்கை எழுதினார்.

டொக்டரோ இருளப்பன்மேல் பாய்ந்தார். “உன்னை ஆர் அசையச் சொன்னது? எழும்படா! இனி இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கக் கூடாது!”

இருளப்பன் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நாகேஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. இப்படியும் ஒரு ஈவிரக்கமில்லாத மனிதரா?

வெளியே குழாயடியில் அவன் முழங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான்.

“என்னாலதானே உங்கட வேலை போச்சு,” என்றாள். அழுகை முட்டியது. “நான் போய்த் துரையிட்ட உள்ளதைச் சொல்லிறன். பெயிலானாலும் பரவாயில்லை.”

இருளப்பன் பதறிப்போனான். “ஐயோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிப்புடாதீங்கம்மா! டாக்டரய்யாவுக்குத்தான் வில்லங்கம் வரும்.”

“அவருக்கோ? அவருக்கு ஏன்?”

“வெரட்டுனது தொரை கண்ணுக்காகம்மா. அடுத்த பரீச்சைக்கு அவரே ஆளனுப்பிக் கூப்பிடுவாரு. ‘நோவுதான்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்குற பிள்ளை திணறிச்சுன்னா, கையைத் திருப்பிக் குடுடா’ன்னு சொல்லி வச்சதே அவருதானே!”

நாகேஸ்வரி திரும்பிப் பரீட்சை அறையின் கதவைப் பார்த்தாள்.

“எட்டு வருசமா வந்து உக்கார்றேன் தாயி. இன்னைக்குத்தான் மொதமொதலாத் திருப்புனேன்.”